மே மாதம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள்: வடசென்னை மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், கணிதம் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்களுக்கும், முதுகலை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வியாசர்பாடியிலிருந்து மணலி வரை உள்ள உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று நான் பிரிக்கவில்லை. என்னிடம் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்: பத்தாவது கணக்கிலிருந்து பிளஸ் ஒன் கணக்குக்கு ஏறும் படியில்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் இல்லை. பகலில் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். பதினான்கு வருடமாக இது ஓடுகிறது. காசு வாங்குவதில்லை. எப்போதாவது ஒரு அம்மா வஞ்சிரம் நாலு துண்டு கொடுத்தனுப்பினால் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் மாடிக்குப் புது முகங்கள் வரும். போன தடவை வந்த ஒரு பெண் பத்தாவதில் கணக்கில் 96. பிளஸ் ஒன் காலாண்டில் 90-க்கு 22. பேப்பரை எட்டாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். "அண்ணா, காமர்ஸுக்கு மாத்திக் கொடுங்கன்னு எச்.எம்.கிட்ட கேக்கப் போறேன்" என்றாள். காமர்ஸ் ஒன்றும் மட்டமில்லை, என் சோறே அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அவள் காமர்ஸ் பிடித்துப்போய்க் கேட்கவில்லை. கணக்குக்குப் பயந்து கேட்டாள்.

அந்தப் பேப்பரை அவளோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். பிளஸ் ஒன் பாடம் புரியாமல் செய்த தப்பு மூன்றோ நான்கோதான் இருக்கும். மிச்சமெல்லாம் பழைய தப்பு. ஓர் இடத்தில் √(9+16) என்பதை 3+4 என்று பிரித்து 7 போட்டிருந்தாள். இன்னோர் இடத்தில் மைனஸ் எண்ணால் வகுத்தவள் பெரிது-சிறிது குறியைத் திருப்பவில்லை. ஒரு பின்னத்தில் மேலே கூட்டலில் இருந்த 3-ஐயும் கீழே இருந்த 3-ஐயும் கோடு போட்டு அடித்துவிட்டாள். பெருக்கலில் இருந்தால்தான் அடிக்கலாம், கூட்டலில் இருந்தால் கூடாது என்பதை எட்டாவதுக்குள் கற்றிருக்க வேண்டும். முக்கோணவியல் கணக்கில் சூத்திரம் சரி, அதைப் பிரயோகித்த இடமும் சரி. நாலாவது வரியில் பின்னத்தைக் கூட்டும்போது வண்டி குடை சாய்ந்துவிட்டது.

இந்தத் தப்புகளோடு பத்தாவதில் 96 எப்படி வந்தது? அந்த வினாத்தாளின் அமைப்பு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10, கடைசியில் ஜியாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, இரண்டுக்கும் எட்டெட்டு. ஆக மொத்தம் 100. அந்தக் கடைசிப் 16-ஐ டிசம்பரிலிருந்து தினம் ஒரு படம் வரைய வைத்தே நீங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் 14 கேள்விக்குப் பத்து எழுதினால் போதும், பிடிக்காத பாடத்தைத் தாண்டிப் போய்விடலாம். திரும்பத் திரும்பப் போட்ட கணக்கே எண் மாறி வரும்போது கை தானாக ஓடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெயில் ஆகிவிடும் என்று பயந்த பிள்ளையை 35-க்குக் கரையேற்ற நீங்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே பயிற்சி 96 வாங்குகிற பிள்ளையின் ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிடுகிறது. அவை அவளுக்கே தெரிவதில்லை.

பிளஸ் ஒன்னில் தாண்டிப் போக இடமில்லை. அங்கே மூன்றாவது பாடம் முக்கோணவியல். அதை அரைகுறையாக விட்டால் அதே புத்தகத்தின் பத்தாவது பாடமான வகையிடலில் (டிஃபரன்ஷியேஷன்) வந்து நிற்கும், பதினொன்றாவது பாடமான தொகையிடலில் (இன்டகிரேஷன்) வந்து நிற்கும், அப்புறம் பிளஸ் டூவிலும் விடாது. பத்தாவதில் முக்கோணவியல் என்றால் செங்கோண முக்கோணம், சில முற்றொருமைகள், கட்டடத்தின் உச்சியைப் பார்க்கும் 30, 45, 60 டிகிரி. பிளஸ் ஒன்னில் கோணம் ரேடியனுக்கு மாறுகிறது, 90-ஐத் தாண்டி நான்கு கால்பகுதிகளிலும் சுற்றுகிறது, மைனஸிலும் போகிறது. முக்கோணத்தை மட்டும் மனதில் வைத்திருக்கும் பிள்ளைக்கு 210 டிகிரிக்கு சைன் மதிப்பு உண்டு என்பதே அதிர்ச்சி.

அடுத்துச் சொல்லப் போவது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். பத்தாவது வரை நடத்துபவர் பட்டதாரி ஆசிரியர். பதினொன்றை எடுப்பவர் முதுகலை ஆசிரியர். ஒரே கட்டடம், ஒரே ஸ்டாஃப் ரூம்கூட இருக்கலாம். ஆனால் இந்த இருவரும் ஒரு பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து பேசியதை நான் அபூர்வமாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். பட்டதாரி ஆசிரியருக்குத் தேர்வு முடிந்ததும் பொறுப்பு முடிந்தது. முதுகலை ஆசிரியருக்கு ஜூனில் இரண்டு தொகுதிப் புத்தகம், பன்னிரண்டு பாடம், மூச்சுவிட நேரமில்லை. அவர் முதல் நாளே, "இதெல்லாம் நீங்க கீழ் கிளாஸ்லயே படிச்சிருப்பீங்க" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் வருடா வருடம் எத்தனை பிள்ளைகள் விழுகிறார்கள் தெரியுமா? "படிக்கல சார்" என்று எழுந்து நின்று சொல்ல அந்த வயதில் யாருக்கும் வாய் வராது.

எனக்கும் வரவில்லை. நான் பிளஸ் ஒன் சேர்ந்தது 2000-ஆம் வருடம். அப்போது ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். பத்தாவதில் 97 வாங்கியவன் காலாண்டில் 200-க்கு 41. அப்பா ஹார்பரில் கான்ட்ராக்ட் வேலை. அவரிடம் பேப்பரைக் காட்டவே இல்லை. எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. முடித்த அண்ணன் ஒருவர் இருந்தார், அவரிடம் போய் நின்றேன். பேப்பரைப் பார்த்துவிட்டு, "எட்டாவது புக்கு இருக்கா உங்கிட்ட?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிளஸ் ஒன் படிக்கிற பையன் எட்டாவது புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் மானம் போய்விடாதா? தினத்தந்தி தாளில் அட்டை போட்டு மறைத்துக்கொண்டுதான் போனேன். மூன்று வாரம் பின்னம், அடுக்கு, காரணிப்படுத்தல், சமன்பாடு. பிளஸ் ஒன் புத்தகத்தை அவர் தொடவே விடவில்லை. அரையாண்டில் 118 வந்தது. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் காமர்ஸுக்கு ஓடுகிற எண்ணம் போய்விட்டது.

அந்த மூன்று வாரம் எனக்கு அக்டோபரில் கிடைத்தது, அதுவும் எல்லாப் பாடத்தையும் இழுத்துக்கொண்டு. மே மாதத்திலேயே கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பொதுத்தேர்வு ஏப்ரலில் முடிகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. நடுவில் ஆறேழு வாரமாவது இருக்கும். பள்ளி வாழ்க்கையில் போர்ஷன் இல்லாத, டெஸ்ட் இல்லாத, ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத ஒரே நீண்ட இடைவெளி இதுதான். காசிமேட்டைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தின் இன்னொரு பெயர் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையில் கிழிந்த கண்ணைத் தேடித் தேடிப் பின்னுவார்கள். ஜூன் 15-இல் படகு இறங்கும்போது கடலுக்குள் போய் ஓட்டை அடைத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அதே ஜூனில் ஓட்டையோடு பிளஸ் ஒன்னில் இறங்குகிறது.

லீவில் எல்லாப் பிள்ளைகளும் காற்றாடி விட்டுக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். தடைக்காலத்தில் வீட்டில் காசு ஓட்டம் நின்றுவிடும். பையன்கள் கேட்டரிங்கில் பந்தி பரிமாறப் போகிறார்கள், எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடித்து வைப்பது, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வருவது. பத்துக்குப் பன்னிரண்டு வீட்டில் நடுப்பகலில் ஐந்து பேர் இருக்கும்போது கணக்கு நோட்டை விரிக்க இடமும் இல்லை. அதனால் நான் கேட்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். இருபத்தைந்து மணி நேரத்தில் இந்தப் பழைய ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடலாம், நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இந்த இருபத்தைந்து மணி நேரத்தில் என்ன செய்வது? முதலில் என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிந்த மறுநாளே பிளஸ் ஒன் போர்ஷனை ஆரம்பிக்கிற டியூஷன் சென்டர்கள் நம் பக்கத்திலும் வந்துவிட்டன. ஏப்ரல் கடைசியில் ஒரு பையன் என்னிடம் வந்து எக்ஸ் பவர் என்-ஐ வகையிட்டால் என்ன வரும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். சரி, சாய்வு என்றால் என்ன என்று கேட்டேன். "அது டென்த்ணா, முடிஞ்சுபோச்சு" என்றான். முடிந்துபோன அந்தச் சாய்வுதான் வகையிடலே என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஜூனில் பள்ளியில் கணங்கள், சார்புகள் என்று முதல் பாடம் தொடங்கும்போது அவனுக்கு ஏப்ரலில் படித்தது மறந்திருந்தது, பத்தாவதில் படித்ததும் மறந்திருந்தது.

ஆகவே பின்னால் போக வேண்டும். நான் என் மாடிப் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுக்கிறேன், இரண்டு பக்கம். அதில் இருப்பவை எதுவும் பிளஸ் ஒன் கணக்கு இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் பிளஸ் ஒன்னில் ஒரு பாடத்துக்குப் போகிறது.

1/3-லிருந்து 1/5-ஐக் கழித்தால் 2/15. அப்படியென்றால் 1/15 என்பது அந்த வித்தியாசத்தில் பாதி. இதை ஆறாவது படிக்கிற பிள்ளைகூடச் செய்யும். எண்ணுக்குப் பதில் எக்ஸ் வந்தால் இதுவே பகுதிப் பின்னம் (பார்ஷியல் ஃபிராக்ஷன்), அடிப்படை இயற்கணிதம் பாடத்தில் பிள்ளைகளை அலற வைப்பது. எண்ணில் நாலு தடவை பிரித்துச் சேர்த்துப் பார்த்த பிள்ளை அங்கே மிரளுவதில்லை.

1/(√5−√3) இருக்கிறதே, அதன் கீழ்ப்பகுதியிலுள்ள ரூட்டை எடுக்க மேலும் கீழும் √5+√3-ஆல் பெருக்குவோம். கீழே 5−3, அதாவது 2. ஒன்பதாவதில் விகிதமுறு எண்ணாக்கல் என்று படித்து, அங்கேயே விட்டுவிட்டு வந்தது. பிளஸ் ஒன் ஒன்பதாவது பாடத்தில் எல்லை காணும்போது மேலேயும் பூஜ்யம் கீழேயும் பூஜ்யம் என்று முட்டிக்கொண்டு நிற்கும் கணக்கை இதே வித்தைதான் திறக்கும்.

கிராஃப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். எட்டு மார்க் கிராஃபில் முழு மார்க் வாங்கிய பிள்ளைகளிடம் அட்டவணை போடாமல் எக்ஸ் ஸ்கொயரின் வளைவரையைக் குத்துமதிப்பாக வரையச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அட்டவணை, அளவுத்திட்டம், புள்ளி, இணைப்பு என்று ஒரு சடங்காகப் பழகியிருக்கிறார்கள். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. நான் ஒரே கிராஃப் தாளில் மூன்று வரையச் சொல்வேன்: எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 2, எக்ஸ் மைனஸ் 2 ஹோல் ஸ்கொயர். இரண்டாவது மேலே ஏறும் என்று எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவதில் மைனஸ் இருப்பதால் இடது பக்கம் போகும் என்று சத்தியம் செய்வார்கள். வரைந்து பார்த்தால் வலது பக்கம் போயிருக்கும். ஏன் என்று அவர்களே அரை மணி நேரம் சண்டை போடட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். எக்ஸ் இரண்டாக இருந்தால்தான் அடைப்புக்குள் பூஜ்யம் வரும் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். பிளஸ் ஒன் முதல் பாடத்தில் சார்புகளின் வரைபடங்களை நகர்த்தும் பகுதி அதற்குப் பிறகு விளையாட்டு.

அப்புறம் எண் கோடு. 3-லிருந்து ஐந்து அடி தூரத்துக்குள் இருக்கும் எண்கள் எவை? தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து நடக்க விட்டால் எந்தப் பிள்ளையும் மைனஸ் 2-க்கும் 8-க்கும் நடுவில் என்று சொல்லும். இதையே மட்டுக்குறி (மாடுலஸ்) போட்டு எழுதினால் பாதிப் பேர் ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். நடந்து பார்த்தவர்கள் மறப்பதில்லை.

எத்தனை விதமாகச் செய்யலாம் என்று எண்ணுகிற சேர்ப்பியலுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். டோல்கேட்டிலிருந்து மின்ட்டுக்குப் போக மூன்று வழி, மின்ட்டிலிருந்து சென்ட்ரலுக்கு இரண்டு வழி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் எத்தனை விதமாகப் போகலாம்? ஐந்தா, ஆறா? ஐந்து என்று சொல்லும் பிள்ளையை ஒவ்வொரு வழியாக எழுத வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பழக்கம் இருக்கிறது, தாளின் தலைப்பிலேயே அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்: சந்தேகம் வந்தால் எண் போட்டுப் பார். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்தானே என்று கை இழுக்கும்போது, 3-ம் 4-ம் போட்டால் ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. சைன் 60 என்பது சைன் 30-இன் இரண்டு மடங்கா? சைன் 30 என்பது ½, அதன் இரண்டு மடங்கு 1. சைன் 60 என்பது √3/2, ஒன்றைவிடக் குறைவு. பத்தாவது அட்டவணையே போதும், தப்பு அங்கேயே செத்துவிடும். பக்கத்தில் ஆசிரியரோ டியூஷன் அண்ணனோ இல்லாத நேரத்தில் பிள்ளை தன்னைத் தானே திருத்திக்கொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று, உட்காருவது. பத்தாவது கணக்கு பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடியும், வராவிட்டால் கைடைப் பார்க்கலாம். பிளஸ் ஒன்னில் ஒரு கணக்கோடு இருபது நிமிடம் முட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும். எங்கள் தெரு கேரம் கிளப்பில் ரெட் விழாத ஒரு ஷாட்டுக்காக முக்கால் மணி நேரம் வியர்வை வழிய நிற்கிற பையன், கணக்கு மூன்று நிமிடத்தில் வரவில்லை என்றால் "நமக்கு மேத்ஸ் வராதுணா" என்கிறான். அவனிடம் பொறுமை இருக்கிறது, அதை இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். லீவில் வாரத்துக்கு ஒரு கணக்கு, விடை இல்லாமல், கைடு இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, எங்கே நின்றேன் என்று எழுதிக்கொண்டு வரட்டும்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்குத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி: சார்பு, ஃபங்ஷன். அணி, மேட்ரிக்ஸ். எல்லை, லிமிட். சாய்வு, ஸ்லோப். ஜூலையில் அவர்கள் கணக்கில் தடுமாறுவதாக நாம் நினைக்கும் பாதி நாள், அவர்கள் இந்த ஆங்கிலப் பெயர்களில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது இதையெல்லாம் ஏன் அவசரமாகச் சொல்கிறேன் என்றால், பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு போய்விட்டது. 2017-18-இல் அது வந்ததற்குச் சொன்ன முக்கியமான காரணமே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே நடத்துகின்றன என்பதுதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நிறுத்தியது. பதினாறு வயதில் மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது கொடுமைதான், போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால் அடிபடுவது நம் பிள்ளைகள். பிளஸ் டூ அணிகளும் வெக்டரும் நுண்கணிதமும் பிளஸ் ஒன் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணக்கு மட்டும் 100. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, நல்ல கல்லூரியில் சீட் கிடைக்கிறது. என்னிடம் படித்த இரண்டு பேர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்குமே முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர். ஒருவன் போன் பண்ணி, "அண்ணா, பார்ஷியல் ஃபிராக்ஷன் நடத்தாமலே இன்டகிரேஷன் போடுறாங்க" என்றான். அந்தப் பாடத்தைப் பிளஸ் ஒன்னிலும் அவனுக்கு யாரும் நிறுத்தி நடத்தியிருக்கவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. ரிசல்ட் வந்து, மார்க் ஷீட் வாங்கவும் அட்மிஷன் போடவும் பிள்ளைகள் வரும்போது, ஃபர்ஸ்ட் குரூப் கேட்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுங்கள். என் தாளையே கொடுக்க வேண்டாம், அதைவிட நல்ல தாளை உங்கள் பட்டதாரி ஆசிரியரும் முதுகலை ஆசிரியரும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சேர்ந்து எழுதிவிடுவார்கள். அவர்கள் அந்த டீயைச் சேர்ந்து குடிக்க வேண்டும் என்பதுதான் என் உள்நோக்கம். 96 வாங்கிய பிள்ளைக்குக் கேட்காமலே குரூப் கொடுப்பதையும், 58 வாங்கிய பிள்ளையிடம் "உனக்கு வராதும்மா" என்று சொல்வதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அந்தத் தாளைப் போட்டுக்கொண்டு வரட்டும். 58 வாங்கியவள் ஒழுங்காகப் போட்டுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மே மாதத்தில் உங்களுக்குப் பயிற்சி இருக்கும், மேலிடத்திலிருந்து வேறு வேலைகள் வரும், வருடத்தில் சொந்த ஊருக்குப் போகிற ஒரே மாதமும் அதுதான். உங்களை வந்து வகுப்பெடுக்கச் சொல்லவில்லை. ஃபேன் ஓடுகிற ஒரு வகுப்பறை, காலை ஏழரை முதல் எட்டரை வரை, வாட்ச்மேனிடம் ஒரு சாவி. பிளஸ் டூ முடித்துவிட்டுக் கவுன்சலிங்குக்காகக் காத்திருக்கும் உங்கள் பழைய பிள்ளைகள் அந்த இரண்டு மாதமும் வீட்டில்தான் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் அக்கா அண்ணன்களும் இருக்கிறார்கள். அவர்கள் பழைய பிளஸ் ஒன் புத்தகத்தையும் கையோடு கொண்டுவரட்டும், இலவசப் புத்தகம் பள்ளி திறந்த பிறகுதானே கிடைக்கும். கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி உட்கார்ந்து படிக்க இடங்கள் வந்துகொண்டிருக்கின்றன, நல்லது. ஆனால் தொண்டியார்பேட்டைப் பெண் பிள்ளை காலை ஏழரைக்கு நடந்து போகக்கூடிய இடம் அவளுடைய பள்ளிதான். அம்மாவும் அங்கே என்றால் அனுப்புவார்.

ஜூனில் முதுகலை ஆசிரியர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். முதல் ஒரு வாரம் போர்ஷனைத் தொடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை, "கீழ் கிளாஸ்லயே படிச்சிருப்பீங்க" என்பதை, "எதெல்லாம் மறந்துபோச்சு, சொல்லுங்க" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

முடிந்தால் அந்த மே மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளை ராயபுரத்தில் இருக்கும் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். பி.கே.சீனிவாசன் என்ற பள்ளிக் கணித ஆசிரியரின் முயற்சியால் 1993-இல் உருவானது. நம் பக்கத்துப் பிள்ளைகளிலேயே பலருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. 1912-இல் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்த துறைமுகம் அவர்கள் அப்பாக்கள் வேலைக்குப் போகும் அதே துறைமுகம். டிசம்பர் 22-இல் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம், சரி. நம் பிள்ளைகளை ராமானுஜன் ஆக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, பின்னம் கூட்டத் தெரிந்தால் போதும்.

அந்த 96 பெண் காமர்ஸுக்கு மாறவில்லை. ஏழாவது, எட்டாவது புத்தகங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளும் தாளில் அட்டை போட்டுத்தான் எடுத்து வந்தாள், நான் ஒன்றும் கேட்கவில்லை. வருகிற மே மாதம் உங்களில் யார் வகுப்பறையைத் திறந்தாலும் காலையில் வந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

என் மாடியில் இரண்டு கரும்பலகை இருக்கிறது. ஒன்று சும்மாதான் சாத்தி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி என்று சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டை மொட்டை மாடி டியூஷன் அண்ணன்